ஆதரவு அறிவிப்பும் ‘இவர் தேறுவாரா’ கணக்கும்: அமெரிக்க பிரைமரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது வட கரோலினாவின் சார்லட் நகரில். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் விழா முடிந்த கையோடு இந்தக் கேள்விகள் கிளம்பிவிடும். தமிழ்ச் சங்கப் பந்தியில் கேட்பார்கள், அலுவலகத்துக்குப் போகும் காரில் கேட்பார்கள், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பாக்கள் மாலை நடையில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

பிரைமரி என்றால் என்ன சார்? கட்சித் தலைமை சீட்டு கொடுத்தால் முடிந்தது இல்லையா?

ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் பிரைமரி. ஆனால் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட நீங்கள் சொல்கிறபடிதான் இருந்தது. 1968ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்கவில்லை. மாநிலக் கட்சிப் பெரும்புள்ளிகள் கைகாட்டினார்கள், வேட்பாளர் ஆகிவிட்டார். சிகாகோ மாநாட்டில் உள்ளே கூச்சல், வெளியே போலீஸ் தடியடி, நவம்பரில் நிக்ஸனிடம் தோல்வி. அந்தக் கசப்பில் விதிகளை மாற்றினார்கள். 1972லிருந்து சாதாரண வாக்காளர்களின் ஓட்டுதான் வேட்பாளரை முடிவு செய்கிறது. குடியரசுக் கட்சியும் அதே பாதைக்கு வந்துவிட்டது.

இப்போது மாநிலம் மாநிலமாக, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஜூன் வரை ஓட்டெடுப்பு நடக்கும். விழும் ஓட்டுக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் டெலிகேட், அதாவது மாநாட்டுப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். பாதிக்கு மேல் சேர்த்தவர் வேட்பாளர். 2020ல் ஜனநாயகக் கட்சியில் இப்படி ஓட்டால் தேர்வாகும் பிரதிநிதிகள் 3,979 பேர், தேவைப்பட்டது 1,991.

காக்கஸ் என்று வேறு ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

பிரைமரியில் பூத்துக்குப் போய் ரகசியமாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிடலாம். காக்கஸ் கூட்டம் போட்டு நடத்துவது. 2020 வரை அயோவாவில் ஜனநாயகக் கட்சி நடத்திய விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். பிப்ரவரிக் குளிரில், இரவு ஏழு மணிக்கு, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்காரர்கள் கூடுவார்கள். 2020ல் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸின் ஆட்கள் ஒரு மூலையில், எலிசபெத் வாரனின் ஆட்கள் இன்னொரு மூலையில் என்று நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். கூடத்தில் 15 சதவீதம் சேராத மூலை கலைந்துவிடும். கலைந்தவர்களிடம் மற்ற மூலைக்காரர்கள் ஓடி வந்து, “எங்க பக்கம் வாங்க, உங்க ஆள்தான் தேறலையே” என்று கையைப் பிடித்து இழுப்பார்கள்.

இந்தக் காட்சியை மறக்காதீர்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை. காக்கஸ் கூடத்தில் பத்து நிமிடத்தில் கண்ணெதிரே நடப்பது, பிரைமரிகளில் நாடு முழுக்க பல வாரங்களில் நடக்கிறது.

‘எண்டார்ஸ் பண்ணிட்டார்’ என்று தலைப்புச் செய்தி போடுகிறார்கள். ஒரு அறிக்கைதானே, அதில் என்ன இருக்கிறது?

சட்டப்படி ஒன்றும் இல்லை. ஒரு செனட்டரோ கவர்னரோ ‘நான் இவரை ஆதரிக்கிறேன்’ என்று சொல்வது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லோடு சேர்ந்து சில சாமான்கள் கைமாறும்: அவருக்காக ஏற்கெனவே வீடு வீடாகப் போன தொண்டர்களின் பட்டியல், நன்கொடை தருபவர்களின் தொலைபேசி எண்கள், உள்ளூரில் எந்தச் சர்ச்சில் யாரைப் பார்க்க வேண்டும் என்கிற விவரம். அதைவிட முக்கியம், மற்ற தலைவர்களுக்கு அது ஒரு சமிக்ஞை. வேலிமேல் உட்கார்ந்திருப்பவர்கள் முதல் ஆள் குதிப்பதற்குத்தான் காத்திருப்பார்கள்.

2008ல் நான்கு அரசியல் அறிவியல் பேராசிரியர்கள் 1980க்குப் பிந்தைய பிரைமரிகளை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்கள். முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே கட்சிக்காரர்களின் ஆதரவு யார் பக்கம் குவிகிறதோ, அவர்தான் பெரும்பாலும் வேட்பாளர் ஆகிறார் என்று. ‘கண்ணுக்குத் தெரியாத பிரைமரி’ என்று பத்திரிகைகள் சொல்வது இந்த முன்கட்டத்தைத்தான். எட்டு ஆண்டு கழித்து அந்த முடிவுக்கு என்ன ஆனது என்பதைக் கீழே ட்ரம்ப் கேள்வியில் பாருங்கள்.

எலெக்டபிலிட்டி, எலெக்டபிலிட்டி என்று டிவியில் கத்துகிறார்களே. தமிழில் சொல்லுங்களேன்.

‘இவர் தேறுவாரா?’ அவ்வளவுதான். கட்சிக்குள் அல்ல, நவம்பரில் எதிர்க்கட்சி வேட்பாளரோடு மோதும்போது.

ஓட்டு என்னுடையது. எனக்குப் பிடித்தவருக்குப் போடாமல், பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போடுவார் என்று ஏன் மண்டையைக் குடைய வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆனால் பிரைமரி வாக்காளர்களில் பெரும்பகுதியினர் அப்படித்தான் குடைந்துகொள்கிறார்கள். 2020ல் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம், ‘கொள்கையில் ஒத்துப்போகிறவரா, ட்ரம்பைத் தோற்கடிக்கக்கூடியவரா, எது முக்கியம்?’ என்று கேட்டபோது இரண்டாவதைச் சொன்னவர்களே அதிகம். 2019 கோடையில் ஒரு கருத்துக்கணிப்பில் கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். யாருக்கு ஓட்டு என்றபோது பைடன் முதலிடம். உங்கள் கையில் மந்திரக்கோல் இருக்கிறது, தேர்தலே இல்லாமல் ஒருவரை அதிபர் ஆக்கலாம் என்றபோது எலிசபெத் வாரன் முன்னால் வந்துவிட்டார்.

அந்த இடைவெளிதான் எலெக்டபிலிட்டி. ‘எனக்கு வாரனைப் பிடிக்கும், ஆனால் மற்றவர்களுக்குப் பிடிக்குமா தெரியவில்லை.’ அந்த ‘மற்றவர்’ வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும் என்பது இதில் உள்ள கூத்து.

2020ல் பைடன் அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் அஞ்சாவது. அப்புறம் எப்படி ஜெயித்தார்? கிளைபர்ன் ஒருத்தர் சொன்னதாலா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். எங்கள் ஊரிலிருந்து தென் கரோலினா எல்லைக்கு காரில் அரை மணி நேரம்கூட ஆகாது, அதனால் இந்தக் கதையை நாங்கள் கொஞ்சம் கிட்டத்திலிருந்தே பார்த்தோம்.

பிப்ரவரி 11 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஓட்டு எண்ணி முடிப்பதற்குள்ளேயே பைடன் விமானம் ஏறி தென் கரோலினாவின் கொலம்பியாவுக்கு வந்துவிட்டார். அங்கேயே இருந்தால் மானம் மிச்சம் இல்லை என்று தெரிந்துதான். 22ஆம் தேதி நெவாடாவில் சாண்டர்ஸ் பெரிய வெற்றி பெற்றார், பைடன் தூரத்தில் இரண்டாவது. அதற்கு ஒரு நாள் முன்பு, தென் கரோலினாவில் ஒரு சர்ச்சில் இறுதிச் சடங்கு. அந்த மாநிலத்திலிருந்து காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், நெடுங்காலமாக இருந்த கறுப்பின ஜனநாயகக் கட்சிக்காரரான ஜிம் கிளைபர்ன் போயிருந்தார். முன் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, யாருக்கு ஓட்டுப் போடப்போகிறீர்கள், மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றால் என் காதில் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டாராம். கிளைபர்ன் குனிந்து பைடன் பெயரைச் சொன்னார். இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன், ஊருக்கும் சொல்லுங்கள் என்றாராம் அந்த அம்மா. இது கிளைபர்னே பின்னால் சொன்னது. 26ஆம் தேதி வெளிப்படையாக அறிவித்தார். 29ஆம் தேதி பைடனுக்கு 48 சதவீதத்துக்கு மேல், சாண்டர்ஸுக்கு 20க்குச் சற்றுக் கீழே.

அந்த மூதாட்டி என்ன கேட்டார் என்று பாருங்கள். பைடன் யார் என்று கேட்கவில்லை. ஒபாமாவுக்கு எட்டு வருடம் துணை அதிபராக இருந்தவரை அவருக்குத் தெரியாதா? தன் மனதில் இருந்த பெயர்தான் மற்றவர்கள் மனதிலும் இருக்கிறதா என்று கேட்டார். ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கிளைபர்னின் வார்த்தை தங்கள் முடிவில் முக்கியமான காரணம் என்று கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். ஆனால் பைடன் அங்கே ஏற்கெனவே முன்னணியில்தான் இருந்தார். தோற்றுக்கொண்டே வந்ததால் ஆதரவு ஆட்டம் கண்டிருந்தது. கிளைபர்ன் இல்லாத ஆதரவை உண்டாக்கினார் என்று நான் நினைக்கவில்லை. இருந்த ஆதரவு கலையாமல் முட்டுக் கொடுத்தார்.

அதென்ன தென் கரோலினாவுக்கு மட்டும் அவ்வளவு மவுசு?

அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் மாநிலங்கள். தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடுபவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். தேசிய அளவில் அந்தக் கட்சியின் முதுகெலும்பே அவர்கள்தான் என்பதால், அங்கே விழும் ஓட்டை மற்ற தென் மாநிலங்கள் உற்றுக் கவனிக்கும். அதிலும் வயதான கறுப்பின வாக்காளர்கள் எலெக்டபிலிட்டி விஷயத்தில் ரொம்பக் கறார். வெள்ளையர்கள் யாரை ஏற்பார்கள், யாரை ஏற்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டே வாழ்ந்த தலைமுறை.

இரண்டாவது காரணம் நாள்காட்டி. 2020ல் தென் கரோலினா சனிக்கிழமை, அடுத்த செவ்வாய்க்கிழமையே 14 மாநிலங்களில் ஓட்டு. நடுவில் மூன்று நாள். யோசிக்க நேரம் இல்லாதபோது கடைசியாகப் பார்த்ததுதான் மனதில் நிற்கும். 2024ல் ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவையே முதல் அதிகாரபூர்வ பிரைமரியாகப் போட்டது. பைடன் செய்த பிரதி உபகாரம் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள்.

அந்த மூன்று நாளில் மற்றவர்கள் ஏன் அப்படி வரிசையாக விலகினார்கள்? உண்மையில் ஆசைப்பட்டவர்கள் அவ்வளவு சுலபமாக விடுவார்களா?

மார்ச் 1 ஞாயிறு மாலை பீட் புட்டஜஜ் விலகினார். அயோவாவில் பிரதிநிதிக் கணக்கில் முதலில் வந்தவர் அவர். மறுநாள் ஏமி க்ளோபுச்சார். அன்று இரவே இருவரும் டெக்சஸின் டாலஸ் நகரில் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார்கள், கூடவே முன்பே போட்டியிலிருந்து விலகியிருந்த டெக்சஸ்காரர் பெட்டோ ஒ’ரூர்க். செவ்வாயன்று 14ல் 10 மாநிலங்கள் பைடனுக்கு. க்ளோபுச்சாரின் சொந்த மாநிலம் மினசோட்டா, வாரனின் சொந்த மாநிலம் மாசசூசெட்ஸ் உட்பட. வாரன் தன் ஊரிலேயே மூன்றாவது. புதனன்று நியூயார்க் முன்னாள் மேயர் ப்ளூம்பெர்க்கும் விலகி பைடனை ஆதரித்தார்.

காக்கஸ் கூடத்தில் பார்த்த அதே 15 சதவீத விதிதான் இங்கேயும். ஒரு மாநிலத்தில் 15 எட்டாதவருக்கு மாநில அளவிலான பிரதிநிதிகளில் ஒன்றும் கிடையாது. நான்கு பேர் ஒரே மாதிரி ஆதரவாளர்களைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு 12 வாங்கினால், சாண்டர்ஸ் ஒருவரே அள்ளிக்கொண்டு போவார். விலகினவர்களுக்கு இது தெரியும். தொடர்ந்தால் தோற்பது மட்டுமல்ல, தோல்விக்குக் காரணமானவர் என்ற பெயரும் வரும்.

ஒரு சொந்தக் கதை. வட கரோலினாவும் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் உண்டு. முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி பிப்ரவரி 29 வரை இருந்தது. நான் பொறுப்பானவன் என்று காட்டிக்கொள்ள, கடைசி வாரத்தில் நூலகத்துக்குப் போய் வரிசையில் நின்று புட்டஜஜுக்குப் போட்டுவிட்டு, ‘ஐ வோட்டட்’ ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தேன். செவ்வாயன்று எண்ணும்போது அவர் களத்திலேயே இல்லை. கடைசி நிமிடத்தில் போன என் மனைவி ஓட்டு மட்டும்தான் வீட்டில் செல்லுபடியானது. அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

ஆதரவு சும்மா கிடைக்குமா? பேரம் இருக்கத்தானே செய்யும்?

பதவி தருகிறேன் என்று உறுதி சொல்லி ஆதரவு வாங்குவது இங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆனால் கொள்கை வாக்குறுதி கேட்கலாம். பிப்ரவரி 25 விவாத மேடையில், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை நியமிப்பேன் என்று பைடன் அறிவித்தார். அதைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தியவர் கிளைபர்ன், அவரே மறைக்கவில்லை. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2022 பிப்ரவரி 25 அன்று கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சனை பைடன் முன்மொழிந்தார். நான் இதைத் தப்பாகப் பார்க்கவில்லை. ஒரு சமூகத்தின் ஓட்டைத் திரட்டித் தருபவர் அந்தச் சமூகத்துக்காக ஏதாவது கேட்டு வாங்காவிட்டால்தான் கோபப்பட வேண்டும்.

அப்படியானால் 2016ல் ட்ரம்ப்? அவரை எந்தத் தலைவரும் ஆதரிக்கவில்லையே?

மேலே சொன்ன பேராசிரியர்களின் சூத்திரம் உடைந்தது இங்கேதான். குடியரசுக் கட்சியில் செனட்டர்கள் மார்கோ ரூபியோ, டெட் க்ரூஸ் உட்பட 17 பேர் நின்றார்கள். ஆரம்பத்தில் பணமும் பெரிய மனிதர்களும் ஃபுளோரிடா முன்னாள் கவர்னர் ஜெப் புஷ் பக்கம். அவரை ஆதரித்த அமைப்பு ஒன்று மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ட்ரம்புக்கோ பிப்ரவரி 26 வரை பதவியில் இருந்த ஒரு கவர்னரோ செனட்டரோ கிடையாது. அன்று நியூ ஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி வந்தார், இரண்டு நாள் கழித்து அலபாமா செனட்டர் ஜெஃப் செஷன்ஸ். அதற்குள் ட்ரம்ப் நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா, நெவாடா மூன்றையும் ஜெயித்துவிட்டார், ஜெப் வீட்டுக்குப் போய்விட்டார்.

தென் கரோலினா கவர்னர் நிக்கி ஹேலி, மார்கோ ரூபியோவுக்கு ஆதரவு தந்தார். ஜெயித்தது ட்ரம்ப். இண்டியானா கவர்னர் மைக் பென்ஸ், டெட் க்ரூஸுக்கு ஓட்டுப் போடுவேன் என்றார், அதுவும் அதே மூச்சில் ட்ரம்பையும் பாராட்டிக்கொண்டே. சில நாளில் இண்டியானாவில் ட்ரம்ப் ஜெயித்தார், க்ரூஸ் விலகினார். ஜூலையில் அதே பென்ஸ் ட்ரம்பின் துணை அதிபர் வேட்பாளர்!

2020ல் பலித்தது 2016ல் ஏன் பலிக்கவில்லை? வித்தியாசம் என்ன?

முதலாவது, ஒற்றுமை இல்லை. குடியரசுக் கட்சித் தலைவர்கள் ஒருவர் பின்னால் குவியவில்லை. சிலர் ஜெப், சிலர் ரூபியோ, சிலர் க்ரூஸ், பலர் யாருக்கும் இல்லை. பந்தி முடியட்டும், இலையை யார் எடுப்பார்கள் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது, விதி. தென் கரோலினாவில் ட்ரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் முதலில் வருபவருக்கே பெரும்பங்கு போகும்படி அங்கே விதி இருந்ததால் 50 பிரதிநிதிகளும் அவருக்கே. ஜனநாயகக் கட்சியில் விகிதாசாரப்படி பிரித்திருப்பார்கள். எதிரிகள் பிரிந்து நிற்கும்போது இந்த விதி தங்கக்காசு.

மூன்றாவது என் கணிப்பு. ஆதரவு அறிவிப்பு செல்லுபடியாக வேண்டும் என்றால், சொல்பவர்மேல் கேட்பவருக்கு மதிப்பு இருக்க வேண்டும். அந்த மூதாட்டிக்குக் கிளைபர்ன்மேல் இருந்தது. 2016ல் குடியரசுக் கட்சி வாக்காளர்களில் பெரும்பகுதி தங்கள் தலைவர்கள்மேலேயே எரிச்சலில் இருந்தார்கள். வாஷிங்டனில் யாருக்கும் என்னைப் பிடிக்காது என்பதே ட்ரம்புக்குச் சான்றிதழ் ஆகிவிட்டது.

மக்கள் மதிக்கும் பெரிய தலைவர் சொல்லியும் கவிழ்ந்தது உண்டா?

உண்டு. 2003 டிசம்பரில், முந்தைய தேர்தலில் கட்சியின் அதிபர் வேட்பாளராக இருந்த அல் கோர், வெர்மான்ட் முன்னாள் கவர்னர் ஹோவர்ட் டீனை ஆதரித்தார். 2000ல் கோரின் துணையாக நின்ற ஜோ லீபர்மேனும் அதே போட்டியில் இருந்தார் என்பதுதான் விசேஷம். பாவம், அவருக்கு முன்கூட்டித் தகவல்கூட வரவில்லை. டீனிடம் பணம், பெரிய தொழிற்சங்கங்கள், கோர் எல்லாம் இருந்தும் 2004 ஜனவரியில் அயோவாவில் 18 சதவீதத்தோடு மூன்றாவது. கடைசியில் வேட்பாளர் ஆனவர் செனட்டர் ஜான் கெர்ரி. ‘டீனைக் காதலித்தோம், கெர்ரியைக் கல்யாணம் செய்தோம்’ என்று அப்போது ஒரு பேச்சு ஓடியது. ஈராக் போரை எதிர்த்த டீன்மேல் ஆசை, வியட்நாமில் பதக்கம் வாங்கிய கெர்ரிதான் அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ் எதிரில் தேறுவார் என்ற கணக்கு.

இன்னொன்று, 2008ல் செனட்டர் டெட் கென்னடி ஒபாமாவை ஆதரித்தது. நாடு முழுக்க அது பெரிய செய்தி, பல தலைவர்களின் தயக்கத்தை உடைத்தது. ஆனால் கென்னடியின் சொந்த மாசசூசெட்ஸில் ஹிலரி கிளிண்டனே சுலபமாக ஜெயித்தார்.

பத்திரிகை, யூனியன், நட்சத்திரங்கள் ஆதரித்தால்?

பத்திரிகை ஆதரவுக்கு அதிபர் பிரைமரியில் பெரிய மதிப்பு இல்லை. 2020ல் நியூயார்க் டைம்ஸ் வாரன், க்ளோபுச்சார் என்று ஒரே நேரத்தில் இருவரை ஆதரித்து வேடிக்கை காட்டியது. இருவரும் எங்கே போனார்கள் என்று மேலே பார்த்தோம்.

யூனியன் வேறு. அதற்கு ஆள் பலம் உண்டு. ஆனால் உறுப்பினர்கள் தலைவர் சொன்னபடியெல்லாம் கேட்க மாட்டார்கள். லாஸ் வேகாஸ் ஹோட்டல் சமையல், அறைத் துப்புரவுத் தொழிலாளர்களின் சங்கமான கலினரி யூனியன் நெவாடாவில் பெரிய சக்தி. 2020ல் அது யாரையும் ஆதரிக்கவில்லை. ஆனால் சாண்டர்ஸின் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தாங்கள் போராடி வாங்கிய காப்பீட்டை ஒழித்துவிடும் என்று துண்டறிக்கை போட்டது. காக்கஸ் நாளில் காசினோக்களில் சீருடையோடு இடைவேளையில் வந்து நின்ற தொழிலாளர்கள், பல இடங்களில் சாண்டர்ஸையே ஜெயிக்க வைத்தார்கள்.

‘இவர்தான் தேறுவார்’ என்று தேர்ந்தெடுத்தவர் தோற்றால் என்ன சொல்வீர்கள்?

2004ல் கெர்ரி தோற்றார். அடுத்த முறையும் அதே வார்த்தையைச் சொன்னார்கள். மறுபக்கமும் பாருங்கள். 1980ல் ரீகன் ரொம்பத் தீவிர வலதுசாரி, தேறவே மாட்டார் என்று முன்னாள் அதிபர் ஃபோர்டே வெளிப்படையாகச் சொன்னார். நவம்பரில் ரீகன் 44 மாநிலங்களை ஜெயித்தார். 2016ல் அனுபவசாலி கிளிண்டன் தேறுவார், ட்ரம்ப் தேற மாட்டார் என்று படித்தவர்கள் எல்லோரும் சொன்னோம். நானும்தான்.

2020ல் பைடன் ஜெயித்ததால் கணிப்பு சரி என்று நிரூபணமாகிவிட்டதா என்றும் கேட்கிறார்கள். சாண்டர்ஸோ வாரனோ நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எலெக்டபிலிட்டி வாதத்தின் சவுகரியமே அதுதான், நிற்காதவர் தோற்றுக் காட்ட முடியாது.

பெண் என்றால், வெள்ளையர் இல்லை என்றால் ‘தேறாது’ என்பதே இந்த வாதத்தின் உள்ளர்த்தம் இல்லையா?

பல நேரம் ஆமாம். சொல்பவருக்கு அந்த எண்ணம் இருக்க வேண்டியதுகூட இல்லை. ‘எனக்குப் பிரச்சினை இல்லை, ஊர் ஏற்காதே’ என்றால் போதும். 2020ல் வாரனும், முதல் ஓட்டு விழும் முன்பே 2019 டிசம்பரில் விலகிய கமலா ஹாரிஸும் இந்தப் பேச்சை நிறையவே சந்தித்தார்கள்.

அதை உடைத்துக் காட்டியது 2008. அதற்கு முந்தைய ஆண்டு பூராவும் கறுப்பினத்தவர்களிடமே ஒபாமாவுக்கு முழு ஆதரவு இல்லை, பலர் கிளிண்டன் பக்கம். வெள்ளையர்கள் அவருக்கு ஓட்டுப் போட மாட்டார்கள் என்ற பயம். ஜனவரி 3 அன்று வெள்ளையர் நிறைந்த அயோவாவில் 38 சதவீதத்தோடு ஜெயித்தார். அடுத்த மூன்று வாரத்தில் தென் கரோலினா அவருக்கு 55 சதவீதம் கொடுத்தது. கிளிண்டனை ஆதரித்திருந்த ஜான் லூயிஸ் போன்ற கறுப்பினத் தலைவர்களே அதற்கப்புறம் மாறினார்கள். இங்கே வாக்காளர்கள் முன்னால் போனார்கள், தலைவர்கள் பின்னால் வந்தார்கள்.

2016ல் சாண்டர்ஸைக் கட்சியே சதி செய்து தோற்கடித்தது என்கிறார்களே?

பாதிக்குப் பாதி. கட்சித் தலைமை கிளிண்டன் பக்கம் சாய்ந்திருந்தது உண்மை. கசிந்த மின்னஞ்சல்கள் அதைக் காட்டியதால் 2016 ஜூலையில் தேசியக் குழுத் தலைவர் டெபி வாசர்மேன் ஷுல்ட்ஸ் பதவி விலகினார். சூப்பர் டெலிகேட் எனப்படும், ஓட்டால் தேர்வாகாத பிரதிநிதிகளில் பெரும்பாலோர் ஆரம்பத்திலேயே கிளிண்டனை ஆதரித்தார்கள். டிவிக்காரர்கள் அந்த எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டியதால் போட்டி முடிந்துவிட்ட தோற்றம் வந்தது. தேறுவாரா என்று தயங்குபவர் கண்ணில் அது படாமல் இருக்குமா?

ஆனால் அவர்களைக் கழித்துப் பார்த்தாலும் கிளிண்டனே முன்னால், முப்பது லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு. 2018ல் விதியை மாற்றினார்கள். ஓட்டால் வந்த பிரதிநிதிகளைக் கொண்டே ஒருவர் தெளிவாக ஜெயித்திருந்தால் தவிர, முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு ஓட்டு இல்லை.

2024ல் பிரைமரியே இல்லாமல் கமலா ஹாரிஸ் எப்படி வேட்பாளர் ஆனார்?

பிரைமரி நடந்தது, பைடன் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஜெயித்தார். ஜூன் 27 விவாதத்தில் அவர் தடுமாறிய பிறகு, ‘இவர் தேறுவாரா’ என்ற கேள்வி கட்சிக்குள் வெடித்தது. ஜூலை 21 ஞாயிறு மதியம் விலகினார், அன்றே ஹாரிஸுக்கு ஆதரவு சொன்னார். அடுத்த நாள் இரவுக்குள், தேவைக்கு மேல் பிரதிநிதிகள் ஹாரிஸுக்கு உறுதி சொல்லிவிட்டதாகச் செய்தி நிறுவனங்கள் கணக்குக் காட்டின. ஆதரவு அறிவிப்புகள் மட்டுமே வேட்பாளரை முடிவு செய்த அண்மைக்கால உதாரணம் இது ஒன்றுதான். 1968 ஞாபகம் வந்தவர்கள் இருந்தார்கள்.

அவருடைய தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நவம்பரில் ட்ரம்ப் ஜெயித்தார். முறையான போட்டி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு, மேலே ஒரு பதிலில் நிற்காதவர்களைப் பற்றிச் சொன்னதேதான்.

குடியரசுக் கட்சியில் இப்போது யார் ஆதரவு கொடுத்தால் செல்லும்?

ஒரே ஒருவருடையது, ட்ரம்புடையது. 2023 நவம்பரில் அயோவா கவர்னர் கிம் ரெனால்ட்ஸ், ட்ரம்பை எதிர்த்து நின்ற ஃபுளோரிடா கவர்னர் ரான் டிசாண்டிஸை ஆதரித்தார். ஜனவரியில் ட்ரம்புக்கு 51 சதவீதம், டிசாண்டிஸுக்கு 21. நியூ ஹாம்ப்ஷயர் கவர்னர் கிறிஸ் சுனுனு, நிக்கி ஹேலியை ஆதரித்தார், அங்கேயும் ட்ரம்ப். பைடனை எதிர்த்து நான் நின்றால் இன்னும் அதிக வித்தியாசத்தில் ஜெயிப்பேன் என்று கருத்துக்கணிப்புகளைக் காட்டினார் ஹேலி. எடுபடவில்லை, ட்ரம்பே தேறுவார் என்று கட்சி வாக்காளர்கள் நம்பும்போது அந்த வாதத்துக்கு இடம் ஏது? ஹேலி கவர்னராக இருந்தபோது செனட்டுக்கு நியமித்த டிம் ஸ்காட்டே ட்ரம்பை ஆதரித்தார்.

எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டுதான். நான் ஒருவரை வெளிப்படையாக ஆதரிக்கலாமா?

தாராளமாக. வாசலில் பலகை நடலாம், கதவு தட்டலாம், கிரீன் கார்டு இருந்தால் நன்கொடையும் கொடுக்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் நன்கொடை கொடுக்கவே கூடாது, சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக உதவலாம். குடியுரிமை வந்த பிறகு, வட கரோலினாவில் எந்தக் கட்சியிலும் சேராமல் பதிவு செய்தாலும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போகும்போது வாக்காளர் பதிவுப் படிவத்தையும் நீட்டுவார்கள். ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனா’ என்ற கட்டத்தில் கை வேகத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். குடியுரிமை நேர்காணலில் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்.